செவ்வாய்க்கிழமை வரிசைக்கு வந்து கேளுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்டப் பொறுப்பாளர்களுக்கும்,

எங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், பாம்புக்கடி பற்றிய சுவரொட்டிக்குக் கீழே, மூன்று வாரங்களுக்கு முன் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை நடந்துவந்த மனநலப் புறநோயாளர் பிரிவு இனி மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்களில் மட்டும் நடக்கும் என்று அதில் இருந்தது. காரணம் இரண்டு வரிகளில். ஒன்று, “நோயாளிகளின் வருகை குறைந்துள்ளதாலும்”. மற்றது, “பயனாளிகளின் கருத்துகள் பெறப்பட்டதன் அடிப்படையிலும்”.

முதல் வரியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது வரி உண்மையல்ல. எங்களைக் கேட்கவில்லை. கேட்டதாக எழுதி எங்கள் பெயரிலேயே எங்கள் கிழமையைப் பறித்ததைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளை நூலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் வீட்டில் காலை ஆறேகால் பஸ். அந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் யாரும் அதை மனநலப் பிரிவு என்று சொல்வதில்லை. “செவ்வாய்க்கிழமை டாக்டர்” என்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் தலைவலிக்கு என்பார்கள். சிகிச்சை நோட்டைச் செய்தித்தாளால் அட்டை போட்டு, மஞ்சப்பையில் எழுத்து உள்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு வருவார்கள். தமிழ்நாட்டில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஓர் ஊர்ப்பெயராக மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது. எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அது வசைச்சொல்தான்.

இப்படிப்பட்டவர்களைத்தான் நீங்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைத்தீர்கள். ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் தளம், கூட்ட அரங்கு, காலை 11 மணி. முந்தைய நாள் நாளிதழில் ஒற்றைப் பத்திச் செய்தி. அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் காலை 11 மணிக்கு இந்தத் தாலுகாவின் மனநலப் பயனாளிகள் எங்கே இருப்பார்கள் என்பது உங்கள் அலுவலக அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் டோக்கனோடு நின்றுகொண்டிருப்பார்கள். மாத்திரை வாங்குவதா, கருத்துச் சொல்வதா என்று எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். இதை வரிசையில் வைத்துத் தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “மாத்திரையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறவனுக்குத்தான் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்” என்றான். அவன் சிரித்துப் பார்ப்பது அபூர்வம் என்பதால் அந்தக் கூட்டத்துக்கு அந்த அளவில் நன்றி சொல்லலாம்.

அன்று எங்கள் டோக்கன் 74. பன்னிரண்டே முக்காலுக்கு டாக்டரைப் பார்த்தோம். இரண்டு நிமிடம். அவர்மீது எனக்குக் குறை கிடையாது. ஒரே ஆள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள், ஒரு மணிக்குள் முடித்துவிட்டு வண்டியில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மருந்து வாங்கிக்கொண்டு, தம்பியை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் 41 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாவட்டத் தலைநகருக்குப் போனேன். இரண்டரை மணிக்கு அரங்கில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்ற பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ‘பொது’ உள்ளே போய்விட்டது, ‘மக்கள்’ வெளியே தெரிந்தது. கல்லூரி மாணவிகள் நிறைய பேர் வந்திருந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள்மீது வருத்தமில்லை. அரங்கை நிரப்ப யாராவது வேண்டும்.

அங்கிருந்த உதவியாளர் நல்ல மனிதர். மேசையில் மிச்சம் கிடந்த படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு கேள்விகள். “மனநலம் குறித்து உங்களுக்கு விழிப்புணர்வு உள்ளதா? ஆம் / இல்லை.” “அரசின் மனநலச் சேவை: மிக நன்று / நன்று / பரவாயில்லை.” மோசம் என்று சொல்ல இடமில்லை. மருந்து கிடைக்கிறதா, எந்தக் கிழமை வசதி, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், மருத்துவமனைக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இவற்றில் எதுவும் இல்லை. விழிப்புணர்வு பற்றி மட்டும் மூன்று கேள்விகள். எங்களுக்கு விழிப்பு போதுமான அளவு இருக்கிறது. பல இரவுகள் விழித்துத்தான் இருக்கிறோம்.

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மனு எண் கிடைத்தது. “உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்ற பதிலும் கிடைத்தது. அடுத்து வந்தது சுவரில் ஒட்டிய தாள்.

இனி அந்த முதல் வரி. வருகை குறைந்துவிட்டது என்கிறீர்கள். உண்மைதான். ஏன் குறைந்தது?

கடந்த ஐப்பசியில், மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை இரண்டு வாரம் வரவில்லை. வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தென்னை நார் ஆலையில் வேலை பார்ப்பவர். விரல் இடுக்கெல்லாம் நார்த்தூள். அந்தச் சீட்டை நான்காக மடித்து, சுருக்குப்பையில் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்தார். அவர் முடிந்த விதத்திலேயே அதை வெளியே எடுக்கப்போவதில்லை என்பது தெரிந்தது. அடுத்த மூன்று செவ்வாய்களில் அவரைக் காணவில்லை. நான்காவது செவ்வாய் மகனோடு வந்தார். இருபது வயதுப் பையன். அரைக்கைச் சட்டை. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அழுத்திய தடம், கறுத்து, பக்கு கட்டியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் துண்டை எடுத்துப் பையனின் மடியில் போட்டார். பையன் கைகளை அதற்குள் வைத்துக்கொண்டான். அந்த அம்மாள் யாரிடம் என்றில்லாமல், “ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தது” என்றார்.

அந்த மூன்று செவ்வாய்கள்தான் உங்கள் பதிவேட்டில் ‘வருகை குறைவு’ என்று ஏறியிருக்கின்றன. மருந்து இல்லாததால் வராமல் போனவர்களை எண்ணி, வருகிறவர்கள் இல்லை என்று கிழமையைக் குறைக்கிறீர்கள். இது என்ன கணக்கு?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட அண்ணன்மாரும் அம்மாமாரும் கொடியவர்கள் அல்லர். பக்கத்தில் போக இடமில்லாதவர்கள். எங்கள் அம்மாவும் ஒரு காலத்தில் தம்பியை எங்கெங்கோ அழைத்துப் போனார். மருத்துவமனையைத் தவிர மற்ற எல்லாமே அப்போது பஸ் போகும் தூரத்தில் இருந்தன. 1996இல் நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது அவற்றில் திருச்சியும் ஒன்று. வீட்டுக்கு அருகில் சிகிச்சை என்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். தாலுகா மருத்துவமனையில் ஒரு செவ்வாய்க்கிழமை என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். கயிற்றுக்கும் மாத்திரைக்கும் நடுவில் எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, கடந்த 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆவது பிரிவு சிகிச்சை பெறும் உரிமையை விளக்கும்போது, கட்டுப்படியாகும் செலவு, நல்ல தரம், போதிய அளவு, போய்வரக்கூடிய தூரம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நோயுற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் பராமரிப்பவர்களுக்கும் ஏற்புடைய விதத்தில் சேவை இருக்க வேண்டும் என்கிறது. ஏற்புடையதா என்று எங்களைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? சட்டப்படி அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தில்கூட ஆறு பேரில் இரண்டு இடம் நோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது அவர்களுக்காக இயங்கும் அமைப்பினருக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோடு சமமாக உட்காரலாம் என்று சட்டம் சொல்லும்போது, எந்தக் கிழமை வர முடியும் என்று நீங்கள் எங்களைக் கேட்கும் அளவுக்குக்கூட எங்களுக்குத் தகுதி இல்லையா?

2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகச் சொன்னது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்பவர்கள் எத்தனையோ தடைகளைத் தாண்டி எப்படியோ வந்து சேர்ந்த சிலர். அந்த வரிசை நீளமாக வேண்டியது.

கூட்டத்துக்குத்தான் வரவில்லை, கிராம சபையிலாவது பேசலாமே என்று ஒரு அலுவலர் என்னிடம் சொன்னார். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது, நல்ல விஷயம்தான். தெருவிளக்கு எரியவில்லை என்று அங்கே எழுந்து சொல்லலாம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில், மகள் மூன்று மாதமாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எந்தத் தாய் எழுந்து சொல்வார்? மைக் வைத்துக் கேட்கிற கேள்வி அல்ல இது. பத்திரிகைக்குப் படம் எடுக்கிற இடத்தில் கேட்கிற கேள்வியும் அல்ல. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. போன ஆண்டு முகாமில் எடுத்த படங்களில் எங்கள் வரிசையின் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் நூலகத்தில் வாசகர் கருத்து நோட்டு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கும். 26 ஆண்டுகளில் அதில் உருப்படியாக எழுதப்பட்டவை பத்து வரிகூட இருக்காது. எனக்கு வேண்டிய செய்தி எல்லாம் செய்தித்தாள் மேசையில்தான் கிடைத்தது. அதைவிட அதிகமாக, வராமல் நின்றுபோனவர்களின் அட்டைகளை எடுத்துப் பார்த்தால் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறீர்கள், வேலை முடிந்து எப்படி வருவது என்று ஒருவர் வழியில் பார்த்துச் சொன்னார். அவர் அந்த நோட்டில் எழுதவே இல்லை.

நோயுற்றவர்களையே கேளுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இதில் நானும் குற்றவாளி. பத்து ஆண்டுகள் டாக்டர் அறைக்குள் நான்தான் பேசினேன். நன்றாகத் தூங்குகிறான், சாப்பிடுகிறான், தொந்தரவு இல்லை என்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி குறுக்கிட்டு, “தூங்குவது நான்தானே, என்னைக் கேளுங்கள்” என்றான். டாக்டர் கேட்டார். கை நடுங்குகிறது, டீ குடிக்க முடியவில்லை, அதனால்தான் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னான். அவனுக்கு ஆள் பழக்கம் பிடிக்கவில்லை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். மருந்தின் அளவை மாற்றினார்கள். இப்போது போகிறான். பாதி டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறான்.

குறையே சொல்வதாக நினைக்க வேண்டாம். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறது. கொண்டுவரும் பெண் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு நாள் இரவு அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் அவசரப்படாமல் பேசினார், எனக்கு அன்று அது பெரிய துணை. அரசால் முடியும் என்று தெரிந்ததால்தான் கேட்கிறேன். ஒரே வீட்டில் அம்மாவின் மாத்திரை வாசலுக்கு வருகிறது, தம்பியின் மாத்திரைக்கு 23 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. இனி அதுவும் மாதம் இரண்டே நாள்.

நான் கேட்பவை இவை.

சுவரில் ஒட்டிய அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். புதிதாக, முறையாகக் கேட்டு முடிக்கும்வரை எல்லாச் செவ்வாய்களிலும் பிரிவு நடக்கட்டும். அதுவரை “பயனாளிகளின் கருத்துகள் பெறப்பட்டு” என்ற சொற்களை எந்தக் கோப்பிலும் எழுதாதீர்கள். ஏற்கெனவே மேலே அனுப்பிய அறிக்கையில் அது இருந்தால், திருத்தி எழுதி அனுப்புங்கள்.

மறுபடி கேட்கும்போது வரிசைக்கு வாருங்கள். தொடர்ந்து நான்கு செவ்வாய்கள், மருத்துவமனையில் வேலை செய்யாத இரண்டு பேரை வேப்பமரத்தடியில் உட்கார வையுங்கள். எங்கள் டோக்கன் வரும்வரை எங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஒவ்வொருவராகக் கேட்கட்டும். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், கைரேகை வேண்டாம். நோயுற்றவரைத் தனியாகவும் உடன் வந்தவரைத் தனியாகவும் கேட்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டட்டும்.

கடந்த ஓராண்டில் வராமல் நின்றுபோனவர்களின் பட்டியல் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களிடம் செவிலியர் மூலம் தொலைபேசியில் பேசுங்கள். தயவுசெய்து வீட்டு வாசலில் அரசு ஜீப்பை நிறுத்தாதீர்கள். வார்டு உறுப்பினரிடம் பட்டியலைக் கொடுத்து விசாரிக்கவும் சொல்லாதீர்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டால் போதும். நார் ஆலைப் பெண் சொல்வார்.

எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்பதைத் திங்கட்கிழமை மாலையே மருத்துவமனை வாசல் பலகையில் எழுதுங்கள். இல்லாத மருந்தை எங்கிருந்தாவது வரவழைத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. வெளிச்சீட்டு எழுதுவதை நிறுத்துங்கள். அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை வட்டார அளவிலான அரசு மருத்துவமனைகளிலிருந்தே எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே 18ஆவது பிரிவுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் சிறு குழு ஒன்றை அமையுங்கள். அதில் பாதிப் பேர் நோயுற்றவர்களும் பராமரிப்பவர்களுமாக இருக்கட்டும். வருகிறவர்களுக்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். மற்ற உறுப்பினர்கள் சம்பளத்தோடுதானே வந்து உட்காருகிறார்கள். கூட்டம் செவ்வாய்க்கிழமை வேண்டாம்.

கேட்டதையெல்லாம் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. என்னென்ன கேட்டார்கள், எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை டோக்கன் ஜன்னலுக்குப் பக்கத்தில், அதே பாம்புக்கடி சுவரொட்டிக்குக் கீழே, பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். இந்த மடலுக்கு 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். “உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்ற பதில் என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

இதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன். டீ விஷயம் இருக்கட்டும் என்றான். ஊர்ப்பெயரும் எங்கள் பெயரும் வேண்டாம் என்றான். மனு எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, தேடினால் நான் யார் என்று தெரியும்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கும் ஓர் அக்கா